வீட்டிலேயே கார் பாலிஷ், வாக்ஸ், ஷாம்பு சோதிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பாலிஷ் போட்டுத் துடைத்து முடித்த அந்த நிமிடத்தில் எந்தக் காரும் அழகாகத்தான் இருக்கும். அந்த நிமிடத்தில் முடிவு எடுப்பதுதான் வீட்டில் சோதனை செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். கருப்புக் கார், பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். ஒரு பாலிஷை அரை மணி நேரம் தேய்த்தேன், ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. இரண்டு முறை காரைக் கழுவிய பிறகு ஒருநாள் காலை வெயிலில் பார்த்தால், அதே வலை அதே இடத்தில் இருந்தது. அந்தப் பாலிஷ் கீறலை எடுக்கவே இல்லை. அதில் இருந்த எண்ணெயும் நிரப்பும் பொருளும் கீறலுக்குள் போய் உட்கார்ந்து மறைத்திருந்தன, அவ்வளவுதான்.

இதற்கு வழி எளிது. பாலிஷ் போட்டதும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு பாருங்கள். கலவையில் ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம் இருந்தால் போதும். தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றித் தேய்க்காதீர்கள், பெயின்ட் இளகக்கூடும். இது தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. துடைத்த பிறகும் கீறல் தெரியவில்லை என்றால்தான் பாலிஷ் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். நிழலிலும் டியூப் லைட்டிலும் வெளிச்சம் பரவி விழுவதால் மெல்லிய கீறல் கண்ணுக்குச் சிக்காது. ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும். வெயில் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு எல்இடி டார்ச் போதும். டார்ச்சை ஒரே இடத்தில் பிடிக்காமல் கோணத்தை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். வெயில் பார்ப்பதற்கு மட்டும்தான். சுடும் பானட் மேல் பாலிஷோ ஷாம்புவோ போட்டால் அது வேலை செய்வதற்கு முன்பே காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும். பிறகு பொருள் சரியில்லை என்று எழுதிவைப்போம், தப்பு சூட்டின் மேல் இருக்கும்.

அடுத்தது ஒப்பிடும் விஷயம். பானட்டில் ஒரு வாக்ஸ், கதவில் இன்னொரு வாக்ஸ் என்று போட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. பானட் மேலிருந்து வெயிலையும் கீழிருந்து இன்ஜின் சூட்டையும் வாங்குகிறது. கதவு இரண்டிலிருந்தும் ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. எது நீடித்தது என்று இதில் எப்படிச் சொல்வது? ஒரே பாகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். ஒன்றில் முதல் பொருள், ஒன்றில் இரண்டாவது, மூன்றாவதில் எதுவுமே போடாதீர்கள். அந்த வெறும் பட்டை இல்லாவிட்டால், பொருள் வேலை செய்ததா அல்லது வெறுமனே கழுவியதாலேயே அப்படித் தெரிகிறதா என்பது புரியாது. டேப் ஒட்டுவதற்கு முன் முழுப் பாகத்தையும் ஒரே மாதிரி கழுவி, பழைய வாக்ஸ் போகும்படி துடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய வாக்ஸ் மேல் புதிய வாக்ஸ் உட்கார்ந்திருக்கும்.

சக்கரத்தில் இந்தத் தவறு இன்னும் நுணுக்கமாக வரும். இரும்புத் துகளை எடுக்கும் கிளீனர் தெளித்தால், பிரேக் தூசியில் உள்ள இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக ஓடும். ஒரு கிளீனரைத் தெளித்துக் கழுவிவிட்டு, அதே சக்கரத்தில் இன்னொன்றைத் தெளித்தால் ஊதா குறைவாகத்தான் வரும், ஏனென்றால் இரும்பில் பெரும்பகுதியை முதலாவது எடுத்துவிட்டது. இரண்டாவது மட்டமானது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒப்பிடுவதும் சரி வராது. முன் பிரேக்குக்கு வேலை அதிகம், அதனால் தூசியும் அங்கே அதிகம். முன் இடது, முன் வலது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றாதீர்கள். பாலிஷ் தேய்க்கும் பஞ்சுப் பேடையும் பாலிஷையும் சேர்த்து மாற்றிவிட்டு, பாலிஷ் பிரமாதம் என்று சொல்கிறோம். என் அனுபவத்தில் பல சமயம் திரவத்தைவிட பேட்தான் அதிக வித்தியாசம் காட்டுகிறது. அதேபோல, முதல் பட்டைக்குச் சுத்தமான பேட், மூன்றாவது பட்டைக்கு வரும்போது அதே பேட் பழைய பாலிஷும் பெயின்ட் தூளுமாக அடைத்துக்கொண்டிருக்கும். இடையிடையே பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள், முடிந்தால் பொருளுக்கொரு பேட் என்று ஒதுக்கிவிடுங்கள். துணிக்கும் இதே கதைதான். ஒரு மைக்ரோஃபைபர் துணியால் இரண்டு பொருளையும் துடைத்தால் இரண்டும் கலந்துபோகும். அந்தத் துணிகளைத் துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைக்கவும் கூடாது, அதன் படிவு அடுத்த முறை கார் மேல் வரும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் தவறு. பெயின்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து பெயின்டைக் காப்பாற்றுவது அந்த மெல்லிய படலம்தான். காம்பவுண்ட், அதாவது அதிகமாகத் தேய்த்தெடுக்கும் கரடான பாலிஷ், போடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகிறது, போனது திரும்பி வராது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அது இன்னும் மெல்லியதாக இருக்கும். ஆகவே எடுத்தவுடன் கடுமையான காம்பவுண்டில் ஆரம்பிக்காதீர்கள். மென்மையான பேட், மென்மையான பாலிஷ், இரண்டடிக்கு இரண்டடி இடம். அதில் போதவில்லை என்றால் ஒரு படி மேலே போங்கள். பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் கிடைத்தால் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். ஆனால் சாதாரண மீட்டர் பிரைமரிலிருந்து மேல்வரை எல்லாப் படலத்தையும் சேர்த்துத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகச் சொல்லாது. அடிக்கடி சோதிக்கிற பழக்கம் உள்ளவர்கள் பழைய இரும்புக் கடையில் ஒரு பானட்டையோ கதவையோ வாங்கி வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். என்ன, அந்தப் பெயின்டும் உங்கள் கார் பெயின்டும் ஒரே கடினத்தில் இருக்காது. கை பழக அது, கடைசி முடிவுக்கு உங்கள் காரிலேயே ஒரு சின்ன இடம். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் என்றால் பாலிஷ் பக்கமே போகாதீர்கள், தேய்த்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும்.

தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதை மட்டும் வைத்துப் பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. தண்ணீரை முத்தாக நிறுத்தாமல் விரிப்பு மாதிரி வழியவிடும் கோட்டிங்குகளும் இருக்கின்றன. நல்ல கோட்டிங் மேல் அழுக்குப் படிந்தாலும் முத்து மறைந்துவிடும், நன்றாகக் கழுவினால் திரும்ப வரும். இதற்கு நேர்மாறாக, வாக்ஸ் கலந்த ஷாம்புவால் கழுவினால் வெறும் பட்டையிலும் முத்து நிற்கும். அதனால் சோதனை முடியும்வரை வாக்ஸ் எதுவும் சேராத ஷாம்புவால் மட்டும் கழுவுங்கள். செராமிக் கோட்டிங் என்றால் போட்ட அன்றே தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் அவசரம் வேண்டாம். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை நனையாமல் இருக்கட்டும்.

கலக்கும் அளவில் கண்மதிப்பு கூடாது. 1:10 என்றால் ஒரு பங்கு திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர், மொத்தம் 11 பங்கு. 500 மில்லி பாட்டிலுக்குச் சுமார் 45 மில்லி. ஒன்றைச் சரியாக அளந்து, இன்னொன்றைக் குத்துமதிப்பாக ஊற்றினால் ஒப்பீடே இல்லை. நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பதும் தவறான எண்ணம்.

உள்பக்கத்தில் எதைச் சோதித்தாலும் சீட்டுக்கு அடியில், கண்ணில் படாத மூலையில் முதலில். தொடுதிரையில் அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். அப்புறம் ஒன்று, அமிலம் உள்ள வீல் கிளீனரையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒன்றோடொன்று கலக்கவோ, ஒன்றன் மேல் ஒன்று தெளிக்கவோ கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. கையுறை போடுங்கள், கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

எந்தப் பட்டையில் எது என்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல், எது நன்றாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆசைப்பட்டு வாங்கிய பொருள் நம் கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மின்னும். தேதி, பொருள், பேட், எத்தனை முறை தேய்த்தோம், அதற்குப் பிறகு எத்தனை முறை கழுவினோம், இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் முதல் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஐந்தாவது கழுவலுக்குப் பிறகு ஒரு முறை பார்க்கிறேன். முதல் நாள் ஜெயித்தது ஐந்தாவது கழுவலில் வெறும் பட்டையோடு சேர்ந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.