கோத்தகிரிக்கு வந்தாச்சு, பிள்ளைக்குப் பொதுத்தேர்வு இருக்கிறதா?

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ குடும்பத்தோடு நீலகிரி மலைக்குத் திரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகை வீடு, அப்புறம் பள்ளிக்கூடம். தேர்வைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிள்ளை நன்றாகப் படிக்கிறான், எங்கே எழுதினால் என்ன என்று இருந்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பல வருடம் அறைக் கண்காணிப்பாளராக நின்றவள் என்பதால் சொல்கிறேன்: பாடம் தெரிந்த பிள்ளைகூட இங்கே தேர்வு நடக்கும் விதம் தெரியாமல் திணறிப்போகும்.

முதல் வேலை பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் நிற்கும், இங்கே இனிஷியல். தேர்வுக்குச் சில மாதம் முன்பு பள்ளியில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கச் சொல்வார்கள், ‘நாமினல் ரோல்’ என்பார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள், பிறந்த தேதியையும்தான். அதில் உள்ளதே மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். பிறகு திருத்துவதற்காக மலை இறங்கி ஏறிய பெற்றோர்களை எனக்குத் தெரியும்.

மாநிலப் பாடத்திட்டம் என்றால் தமிழும் உண்டு. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுக்க வேண்டும். அங்கே அரபியோ பிரெஞ்சோ படித்த பிள்ளையானால், சேர்க்கும் அன்றே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். எழுதுவதில் சிரமம் உள்ள பிள்ளைக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைக்கும்; அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு அன்று கேட்டால் நடக்காது.

இனி தேர்வறை. ஓர் அறைக்கு 20 பேர். வினாத்தாள் உறை பிரிக்கப்படாமல் இருக்கிறது என்று காட்டி, இரண்டு பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கிய பிறகே அதைப் பிரிப்போம். ஒரு தடவை, முந்தின வருடம்தான் ஊர் திரும்பிய குடும்பத்துப் பையன் முன் பெஞ்சில் இருந்தான். “இங்கே ஒரு கையெழுத்துப் போடு தம்பி” என்றதும் முகம் வெளுத்துவிட்டது. “மிஸ், நான் ஒண்ணும் பண்ணலையே!” குற்றம் எதையோ ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான். யாராவது வீட்டில் சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். முதல் பத்து நிமிடம் வாசிக்க மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பில் உள்ள படம், பதிவெண் எல்லாம் தன்னுடையதுதானா என்று பார்க்க. 10.15க்குப் பேனா எடுத்தால் 1.15 வரை எழுதலாம். கணினியில் தேர்வு எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தப் பதினைந்து நிமிடம் பெரிய அவஸ்தை. வீட்டில் நாலைந்து முறை கடிகாரத்தை வைத்து உட்கார்த்திப் பாருங்கள். எந்தக் கேள்வியை முதலில் எழுதுவது என்று முடிவு செய்யும் நேரம் அது.

கேள்வியில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் நாங்கள் சொல்லக் கூடாது. அந்தப் பாட ஆசிரியரை அறையில் போடவும் மாட்டார்கள். முகத்தை உம்மென்று வைத்திருந்தால் கோபம் என்று பிள்ளை நினைக்க வேண்டாம், திடீரென்று சோதனைக்கு வரும் பறக்கும் படை என்றால் எங்களுக்கும் பயம் உண்டு.

கணக்கில் வரைபடத் தாளை விடைத்தாளோடு நூலால் கட்ட வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கடைசி மணி அடிக்கப் போகிற நேரத்தில், குளிரில் விறைத்த விரலால் முடிச்சுப் போடத் தெரியாமல் அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். ஷூ லேஸ் வைத்தாவது பழக்குங்கள்.

சின்னப் பள்ளி என்றால் தேர்வு மையம் வேறு பள்ளியில் இருக்கும். ஒருநாள் முன்னதாகவே போய்ப் பாருங்கள், வழக்கமான பஸ்ஸிலேயே. கூடலூர், பந்தலூர் பக்கம் யானை ரோட்டில் நின்றால் பஸ்ஸும் நிற்கும். தேர்வு ஏப்ரல் வரை நீளும்போது சுற்றுலா வண்டிகள் வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் ஒரு பஸ் முன்னதாகக் கிளம்புவதுதான் இங்கே வழக்கம்.

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதலாம். ஆனால் வாசலில் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்போம். பழைய பஸ் டிக்கெட், மிட்டாய்த் தாள், போன மாதம் எழுதிக்கொடுத்த மளிகைச் சீட்டு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். முந்தின நாள் ராத்திரியே காலி செய்து வையுங்கள்.