அல் கோர் ஜெயித்திருந்தால்? மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடாவில் ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகள் பதிவாயின. குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் அங்கே ஜனநாயகக் கட்சியின் அல் கோரை முந்தியது வெறும் 537 வாக்கில். அதிபரை முடிவுசெய்வது மாநிலவாரியாக ஒதுக்கப்படும் எலக்டோரல் வாக்குகள்; மாநிலத்தில் முந்தியவருக்கே பெரும்பாலும் அவை மொத்தமும் போகும். புளோரிடாவின் 25-ஓடு மொத்தம் 271 பெற்று, தேவையான 270-ஐத் தாண்டி, புஷ் அதிபரானார். வித்தியாசம் இவ்வளவு சிறியது என்பதாலேயே 'கோர் ஜெயித்திருந்தால்' என்று எழுத நிறையப் பேர் உட்காருகிறார்கள். பெரும்பாலோர் சறுக்குவது கற்பனையில் அல்ல, கணக்கிலும் சட்டத்திலும்.

முதலில் கூட்டிப் பாருங்கள். 1960 தேர்தலைப் பற்றிப் பேசும்போது, "சிகாகோவில் முறைகேடு நடக்காவிட்டால் நிக்சன்தான் அதிபர்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஜெயித்த கென்னடி பெற்றது 303 எலக்டோரல் வாக்குகள். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் 27 கைவிட்டுப் போனாலும் 276 மிஞ்சும். அன்று தேவைப்பட்டது 269. டெக்சஸின் 24-ம் சேர்ந்து போனால்தான் அவர் தோற்பார். அங்கே அவருடைய முன்னிலை 46,000-க்கும் மேல். ஒரு மாநிலத்தை மாற்றினால் போதாது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2000-த்தில் இதற்கு நேர்மாறு. புளோரிடாவைத் தொடவே வேண்டாம். நியூ ஹாம்ப்ஷயரின் 4 எலக்டோரல் வாக்குகள் போதும். கோர் அங்கே தோற்றது 7,211 வாக்கில், பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நாடர் பெற்றது 22,198. ஆனால் நாடர் நிற்காவிட்டால் அவருடைய வாக்கெல்லாம் கோருக்கே விழும் என்று எழுதாதீர்கள். சிலர் புஷ் பக்கம் போவார்கள், சிலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அதையெல்லாம் கழித்த பிறகும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கோருக்கு நிகர லாபமாக மிஞ்ச வேண்டும்.

வரலாறு எந்த இடத்தில் பிரிகிறது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. "உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12 தீர்ப்பில் புளோரிடா மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைக்காமல் இருந்திருந்தால்" என்பது எல்லோருக்கும் பிடித்த தொடக்கம், ஆனால் பலவீனமானது. செய்தி நிறுவனங்கள் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கோர் கேட்ட நான்கு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) மட்டும் எண்ணி முடித்திருந்தாலும் புஷ்தான் முன்னிலையில் இருந்திருப்பார். ஒன்றுக்கு மேற்பட்ட குறியிட்டுச் செல்லாமல் போனவை உட்பட, மாநிலம் முழுக்க நிராகரிக்கப்பட்ட எல்லாச் சீட்டுகளையும் பரிசீலித்தால்தான் கோர் மிகச் சொற்ப வித்தியாசத்தில் முந்துகிறார். அப்படி முந்தினாலும், குடியரசுக் கட்சியின் பிடியிலிருந்த புளோரிடா சட்டமன்றம் தானே புஷ்ஷுக்கான தேர்வாளர்களை (எலக்டோரல் வாக்கைப் போடுபவர்களை) நியமிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. ஆளுநரோ புஷ்ஷின் தம்பி.

இதைவிட உறுதியான இடம் பாம் பீச் கவுண்டியின் 'வண்ணத்துப்பூச்சி' வாக்குச்சீட்டு. முதியவர்கள் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கியதால் பெயர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன; துளைகள் மட்டும் நடுவில் ஒரே வரிசை. இடப்பக்கத்தில் கோரின் பெயர் இரண்டாவது. ஆனால் மேலிருந்து இரண்டாவது துளை வலப்பக்கத்திலிருந்த இன்னொரு வேட்பாளர் பேட் புக்கேனனுக்கு, கோருக்கு மூன்றாவது. அந்தக் கவுண்டியில் புக்கேனனுக்கு விழுந்தவை 3,407. இரண்டு பேருக்குத் துளை போட்டுச் செல்லாமல் போனவை சுமார் 19,000. எல்லாப் பெயரையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டதாக வையுங்கள். வழக்குக்கே வேலையில்லை, விடிவதற்குள் முடிவு தெரிந்துவிடும்.

அடுத்த சறுக்கல், அதிபரை மாற்றியதும் நாடாளுமன்றமும் மாறிவிட்டதாக எழுதுவது. பிரதிநிதிகள் சபை அப்போதும் குடியரசுக் கட்சியிடம்தான். செனட் 50-50. கோரோடு நின்ற ஜோ லீபர்மன் துணை அதிபராகித் தன் வாக்கால் சமநிலையை உடைப்பார் என்று பலர் எழுதுவார்கள். அதே தேர்தலில் கனெக்டிகட்டிலிருந்து மீண்டும் செனட்டுக்கும் தேர்வானவர் அவர். துணை அதிபரானால் அந்த இடம் காலி. நிரப்பும் அதிகாரம் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜான் ரோலண்டுக்கு. ஆக குடியரசுக் கட்சிக்கு 51-49. வெர்மான்ட் செனட்டர் ஜெஃபர்ட்ஸ் 2001-ல் குடியரசுக் கட்சியை விட்டு விலகியதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. புஷ் ஆட்சியோடு வந்த மனக்கசப்பு அது.

பருவநிலை மாற்றத்துக்கு எதிரான கியோட்டோ ஒப்பந்தத்தைக் கோர் முதல் ஆண்டிலேயே நிறைவேற்றுவதாக எழுதுவதும் இந்த வகைதான். ஒப்பந்தத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 வாக்கு வேண்டும். வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்காத எதிலும் கையெழுத்திடாதே என்று 1997-ல் அதே செனட் 95-0 என்று தீர்மானம் போட்டிருந்தது. கிளின்டன் அரசு கையெழுத்திட்ட பிறகும் அதை செனட்டுக்கு அனுப்பவே இல்லை.

கோர் அதிபரானதாலேயே 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். அதை நடத்திய முகமது அட்டா உள்ளிட்டோர் 2000-ன் நடுவிலேயே அமெரிக்கா வந்து புளோரிடாவில் விமானப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேர்தல் முடிவு அந்தச் சதியைத் தொடவில்லை. தடுத்தே ஆகவேண்டுமானால் ஒரு குறிப்பிட்ட ஓட்டையைப் பிடியுங்கள். உதாரணமாக, 2001 ஆகஸ்டில் மினசோட்டாவில் கைதான அல்-கொய்தா ஆள் சக்காரியாஸ் மூசாவியின் கணினியை உடனே சோதிக்க அனுமதி கிடைப்பது. இராக் விஷயத்திலும் நிதானம் வேண்டும். கோர் 2002-ல் போரை எதிர்த்துப் பேசியவர். ஆனால் 1991 வளைகுடாப் போருக்கு ஆதரவாக வாக்களித்தவரும் அவர்தான். லீபர்மனோ இராக் போருக்கு அனுமதி தந்த 2002 தீர்மானத்தை முன்னின்று ஆதரித்தவர். இந்த இழுபறியை வெள்ளை மாளிகைக்குள்ளேயே காட்டலாம்.

உச்ச நீதிமன்றத்தை உடனே மாற்றவும் முடியாது: 1994-க்குப் பிறகு 2005 வரை அங்கே ஓர் இடமும் காலியாகவில்லை.

2004-க்கு வரும்போது பழைய எண்களையே எழுதிவிடாதீர்கள். 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் எலக்டோரல் வாக்குகள் மறுபங்கீடு ஆயின. கோர் நிஜத்தில் ஜெயித்த மாநிலங்களின் மதிப்பு 267-லிருந்து 260-ஆகக் குறைந்தது. உங்கள் கதையில் அவர் புளோரிடா வழியாக வந்திருந்தால் அதன் 27-ஐச் சேர்த்து 287. அதே மாநிலங்களைத் தக்கவைத்தாலே மறுபடி அதிபர். நியூ ஹாம்ப்ஷயர் வழியாக வந்திருந்தால் 264-தான் தேறும், தேவை 270. இன்னொரு மாநிலத்தை அவருக்காகத் தேடியாக வேண்டும்.