வார்டில் முதல் ஆண்டு: புதிய செவிலியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்பை முடித்து வார்டுக்கு வரும் செவிலியரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மனதைத் திடப்படுத்திக்கொள். எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பலரும் பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பதுதான் மனத்திடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் ஆண்டின் பெரிய தவறுகள் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

மிக ஆபத்தானது, கேட்கத் தயங்குவது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் மருந்து எத்தனை யூனிட் என்பதில் ஐயம் எழுகிறது. மூத்த செவிலியர் வேறு படுக்கையில் மும்முரமாக இருக்கிறார். முந்தைய கேள்விக்கே முகம் சுளித்தவர். 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்ற முடிவு அப்போது தைரியம்போலத் தெரியும். ஆனால் ஹெபாரின், இன்சுலின், செறிவான பொட்டாசியம் குளோரைடு போன்றவை தவறினால் உயிருக்கே உலை வைக்கும் மருந்துகள். அதனால்தான் இவற்றை இருவர் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று பல மருத்துவமனைகளில் விதி இருக்கிறது. இருபது ஆண்டு அனுபவசாலிக்கும் அதே விதிதான்.

நள்ளிரவில் மருத்துவரை அழைக்கவும் இதே தயக்கம் உண்டு. திட்டு விழுமோ என்ற பயத்தில் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னால், திட்டு நிச்சயம் விழும். 'எஸ்பார்' (SBAR) எனப்படும் வரிசை இங்கே கைகொடுக்கும். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு வேண்டியது: இந்த நான்கையும் இதே வரிசையில் சொல்ல வேண்டும். "ஐந்தாம் படுக்கை நோயாளியின் ரத்த அழுத்தம் 80/50-க்கு இறங்கிவிட்டது, நாடித்துடிப்பு 120. இன்று காலை குடல் அறுவை சிகிச்சை முடிந்தவர். உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்." அரை நிமிடம்கூட ஆகாது. தொலைபேசியில் அவர் சொல்லும் மருந்தையும் அளவையும் எழுதி, அவரிடமே திரும்பப் படித்துக் காட்டிவிடுங்கள்.

அடுத்தது, பத்தாண்டு அனுபவமுள்ளவரின் வேகத்தோடு உங்களை ஒப்பிடுவது. செவிலியத் திறன் ஐந்து நிலைகளில் வளர்கிறது என்று அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1980-களில் விளக்கினார். ஒரே வகை வார்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றிய பிறகே மூன்றாம் நிலைக்குரிய தேர்ச்சி வருகிறது என்பது அவர் கணக்கு. மூன்றாவது மாதத்தில் அதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. வார்டு மாறினால் அனுபவசாலியும் சில படிகள் இறங்கித்தான் தொடங்க வேண்டும்.

ஆரம்ப உற்சாகம் வடிந்தபின் வரும் சோர்வைத் தன் தோல்வியாகப் படிப்பதும் தவறுதான். கல்லூரி கற்பித்த செவிலியமும் வார்டில் நேரம் அனுமதிக்கும் செவிலியமும் மோதும்போது வரும் இந்தச் சரிவை, அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் மார்லீன் கிரேமர் 1974-லேயே 'யதார்த்த அதிர்ச்சி' என்று பெயரிட்டு விவரித்தார். அதற்குப் பின் மீட்சியும் உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார். எனவே இரவுப் பணி முடித்த காலையில் ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அதே முடிவு தோன்றினால், அது வேறு விஷயம்.

தூக்கத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அதிகாலை மூன்று முதல் ஐந்து மணிவரை உடலின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். மருந்துக் கணக்கை அப்போது இரண்டாம் முறையும் போட்டுப் பாருங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால் அதை மறைப்பது இன்னொரு தவறு. நோயாளியைக் கவனித்து, மருத்துவருக்கும் பொறுப்புச் செவிலியருக்கும் உடனே சொல்லி, பதிவு செய்ய வேண்டும். இவை முடிந்ததும் நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். தவறிழைத்த மருத்துவப் பணியாளரும் உள்ளுக்குள் நொறுங்குகிறார் என்பதால் மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-இல் அவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று குறிப்பிட்டார். அந்தச் சொல்லுக்கு எதிர்ப்பும் உண்டு; முதலில் பாதிக்கப்பட்டவர் நோயாளி என்பது மறந்துவிடக்கூடாதல்லவா?

கடைசித் தவறு புதியவர்களுடையது மட்டுமன்று. நிர்வாகங்கள் விரும்பிச் செய்வது. ஆள் பற்றாக்குறைக்கு மனவலிமைப் பயிற்சி வகுப்பை மருந்தாக நீட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. இருவர் பார்க்க வேண்டிய நோயாளிகளை ஒருவரே பார்க்கும் வார்டில் மூச்சுப் பயிற்சியால் ஆகப்போவது குறைவு. அன்றைய பணியில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், எந்தப் பராமரிப்பு விடுபட்டது என்பதை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன குறைக்கு அடுத்த ஷிஃப்டில் சாட்சி இருக்காது.