முதியோர் வாழும் வீட்டில் ஸ்மார்ட் கருவிகளைத் திட்டமிடுவது எப்படி?

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன், அந்த வீட்டில் வாழ்பவர்கள் எப்போது எழுகிறார்கள், இரவில் எத்தனை முறை குளியலறைக்குச் செல்கிறார்கள், எந்த சுவிட்சை எட்ட முடியாமல் தவிக்கிறார்கள் என்பதை ஒரு வாரமாவது கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் தேவை, படுக்கையிலிருந்து குளியலறை வரை நடமாட்டத்தை உணர்ந்து மங்கலாக எரியும் விளக்குகளே; குரலுக்குக் கட்டுப்படும் ஸ்பீக்கர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சுவரிலுள்ள பழைய சுவிட்சை அகற்றாமல், அதன் பெட்டிக்குள் பொருத்தக்கூடிய ரிலே கருவியை (செயலியின் கட்டளைப்படி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு கருவி) தேர்ந்தெடுத்தால், இணையம் நின்றுபோனாலும் பாட்டி வழக்கம்போல் கையாலேயே விளக்கைப் போடலாம். அத்தகைய கருவிகள் பலவற்றுக்கு நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி, தேவை. பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டிகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை என்பதால், எலக்ட்ரீஷியனை அழைத்து முதலிலேயே பார்த்துவிடுங்கள். மின்வெட்டின்போதும் வைஃபை நின்றுபோகாமலிருக்க, ரௌட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் வையுங்கள். கீசரையும் ஸ்மார்ட் கருவியால் இயக்குவதானால், 2 கிலோவாட் கீசருக்கு 16 ஆம்பியர் தாங்கும் கருவியே வேண்டும். 2022இல் வெளியான ‘மேட்டர்’ (Matter) என்ற பொதுத் தரத்தை ஏற்கும் கருவிகளை, அவை வெவ்வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தாலும், ஒரே செயலியிலிருந்து இயக்க முடியும்.

கேமராவைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் கவலையைவிடப் பெற்றோரின் சம்மதமே முக்கியம் (வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு இது சற்றே கசக்கலாம்). அவர்கள் தயங்கினால், படம் பிடிக்காமல், கதவு திறப்பதையும் மூடுவதையும் மட்டும் உணரும் கதவு சென்சாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.