சுவருக்குள் இருக்கும் பைப்பை நம்பாதீர்கள்: ஃபைபர் இணைப்புக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஃபைபருக்கென்று தனியாகப் பைப் போட்டு வைத்திருக்கிறோம், நீங்கள் கேபிளை இழுத்தால் போதும்." புது வீட்டுக்காரர்கள் இதைச் சந்தோஷமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கலக்கமாக இருக்கும். சென்ற வாரமும் ஒரு வீட்டில் அப்படித்தான். பூச்சு முடிந்து வண்ணம் அடித்து, தரையெல்லாம் துடைத்து வைத்திருந்தார்கள். ஒயர் இழுக்கிற ஸ்பிரிங்கை உள்ளே விட்டேன். மூன்று மீட்டர் போனது, அப்புறம் நகரவில்லை. மறுமுனையிலிருந்து விட்டுப் பார்த்தேன், அங்கும் பாதி தூரம்தான். அந்த வீட்டுக்காரரின் முகம் வாடியதைப் பார்த்தபோது என் வீட்டில் நடந்தது அப்படியே நினைவுக்கு வந்தது.

இணைப்பு கொடுக்கும் வேலைக்கு வருவதற்கு முன்பு என் சொந்த வீட்டில் நான் செய்த தவறுகள்தான் கீழே இருப்பவற்றில் பாதி. ஆள் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது, மேஜை நாற்காலியை நகர்த்தி வைப்பது போன்றவை யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பைப் இருக்கிறது என்று நம்பி, சோதிக்காமல் விடுவது

வீடு கட்டும்போது நானே நின்று பைப் பதிக்கச் சொன்னேன். வாசல் பக்கச் சுவரின் வெளிப்புறத்தில் தொடங்கி, உள்ளே நடு அறை வரைக்கும் ஒரு பைப். அதில் மூன்று தவறுகள் செய்தேன். மூன்றும் அன்றைக்குச் சின்ன விஷயங்களாகத் தெரிந்தன.

முதலாவது, பைப்பின் இரண்டு வாயையும் திறந்தே விட்டேன். பூச்சு வேலை நடக்கும்போது சிமெண்ட் கலவை உள்ளே விழுந்தது. கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது, அவர் வேலை சுவரைப் பூசுவது. வாயில் ஒரு மூடியோ, நாலு சுற்று டேப்போ போட்டிருந்தால் போதும்.

இரண்டாவது, திருப்பங்களில் குட்டையான எல்போ போட விட்டேன். தண்ணீருக்கு எல்போ பரவாயில்லை, தண்ணீர் எப்படியும் வளைந்து போய்விடும். கேபிள் அப்படியல்ல. என் வீட்டில் வாசல் முதல் நடு அறை வரைக்கும் மூன்று எல்போ. கேபிள் வேலையில் வெகுகாலமாக இருக்கும் விதி ஒன்று உண்டு: இழுக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே 90 பாகைத் திருப்பம் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது, தூரமும் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. மூன்றாவது திருப்பம் வேண்டுமென்றால் நடுவில் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைக்க வேண்டும். திருப்பங்களும் நீளமாக, நிதானமாக வளைகிற பெண்டாக இருக்க வேண்டும். வளைவின் ஆரம் பைப்பின் உள்விட்டத்தைப் போல் ஆறு மடங்காவது இருக்கட்டும். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாவது, உள்ளே இழுகயிறு விடவில்லை. "பைப்தான் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தேன். இதுதான் எனக்கு இன்று வரைக்கும் எரிச்சல் மூட்டுகிறது. ஒரு நைலான் கயிறு உள்ளே கிடந்திருந்தால் பூச்சு வேலை முடிந்த மறுநாளே அதை இழுத்துப் பார்த்து, அடைப்பு இருப்பதைக் கண்டுபிடித்திருப்பேன். சுவர் ஈரமாக இருக்கும்போது திறந்து சரிசெய்வது அரை மணி நேர வேலை. வண்ணம் அடித்த பிறகு அது நாலு நாள் வேலை.

இணைப்பு தர வந்த இருவர் இரண்டு மணி நேரம் போராடினார்கள். அடைப்பு எங்கே என்று தெரியாமல் சுவரை மூன்று இடத்தில் உடைத்தோம். கடைசியில் சிமெண்ட் கட்டியைத் தட்டி எடுத்து, கேபிளுக்கு வழுவழுப்பு தடவி, பலம் கொண்ட மட்டும் இழுத்து ஒரு வழியாக மறுமுனைக்குக் கொண்டு வந்தோம். விளக்கு பச்சையாக எரிந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பிற்பகல் நேரங்களில் இணைப்பு அறுபடும், சிவப்பு விளக்கு எரியும், பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடும். புகார் கொடுத்தேன். ரவுட்டரை மாற்றினார்கள். மறுபடி அதே கதை, மறுபடி வேறு ரவுட்டர். மாதக்கணக்கில் இப்படியே போன பிறகு ஒருவர், கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழையில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரோடு வந்தார். வாசலில், கேபிள் பைப்புக்குள் நுழையும் இடத்தில் ஒளி −19 டிபிஎம் (டெசிபெல் கணக்கில் ஒளியின் வலிமை; கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல்). நடு அறையில் −26. எந்தக் குறையும் ரவுட்டரில் இல்லை. இழுத்த வேகத்தில் ஓர் எல்போவின் முனையில் கேபிள் மடங்கி உட்கார்ந்திருந்தது.

இந்த எண்களின் பொருள் புரிந்தால்தான் எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். மூன்று டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகிறது. ஏழு குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நல்ல கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் 0.35 டெசிபெல்லுக்கு மேல் போகாது. அப்படியானால் என் சுவருக்குள் இருந்த அந்த ஒரு மடிப்பு, 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் இழக்கும் ஒளியை ஒரே இடத்தில் விழுங்கிக்கொண்டிருந்தது. வீடுகளுக்கு வரும் ஜிபான் இணைப்பில் (ஒரே இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) வீட்டில் ஒளியை வாங்கும் பெட்டி பொதுவாக −27 வரைக்கும்தான் தாங்கும். நான் அந்த விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் வெப்பம் ஏறினாலும் தடுக்கி விழும்.

ஒளி இழையின் நடுவில் ஒளி ஓடும் பகுதி சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இழை அதிகமாக வளைந்தால் ஒளி உள்ளே தங்காமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். பழைய ஜி.652 வகை இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வீட்டுக்குள் இழுப்பதற்கென்றே வந்த ஜி.657 வகையில் ஏ1 இழை 10 மில்லிமீட்டர் வரைக்கும், ஏ2 இழை 7.5 வரைக்கும் தாங்கும். இன்னொன்று: அலைநீளம் கூடக் கூட வளைவில் கசிவதும் கூடும். உங்களுக்குத் தரவு வரும் ஒளி 1490 நானோமீட்டர், உங்களிடமிருந்து போவது 1310. ஆகவே வளைவில் முதலில் அடிபடுவது வரும் பக்கம்தான்.

இப்போது வீடு கட்டுகிறவர்கள் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். 25 மில்லிமீட்டர் பைப் போடுங்கள். மின் ஒயர் ஓடும் பைப்போடு சேர்க்காதீர்கள். கண்ணாடிக்கு மின்சாரத்தால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் வெளியிலிருந்து வரும் கேபிள் பலவற்றில் தாங்குவதற்கென்று இரும்புக் கம்பி இருக்கும், அதை மின் ஒயருக்குப் பக்கத்தில் ஓட விடுவது ஆபத்து. உள்ளே நைலான் கயிறு விடுங்கள். கட்டுக்கம்பியை விட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். அது துருப்பிடித்துப் பைப்போடு ஒட்டிக்கொள்ளும், கேபிளின் தோலையும் கிழிக்கும். இரண்டு வாயையும் மூடுங்கள். பூச்சு முடிந்த மறுநாள், வண்ணம் அடிப்பதற்கு முன்பு, கயிற்றில் ஒரு துணி முடிச்சைக் கட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் இழுத்துப் பாருங்கள். முடிச்சு ஈரமாக வந்தால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது. சிமெண்ட் பொடியோடு வந்தால் இன்னும் இரண்டு முறை இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். வராமல் நின்றுவிட்டால் கொத்தனார் இன்னும் அங்கேயே இருக்கிறார், உடனே சொல்லுங்கள்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீடென்றால், இணைப்புக்குப் பதிவு செய்வதற்கு முன்பு எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு முறை ஸ்பிரிங் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கயிறு இல்லாத பைப்பில் காற்றால் கயிறு ஏற்றலாம்: நூலின் நுனியில் சின்ன பிளாஸ்டிக் பையைக் கட்டி ஒரு வாயில் விட்டு, மறுவாயில் தூசி உறிஞ்சும் கருவியை வைத்தால் பை நூலை இழுத்துக்கொண்டு வந்துவிடும். திருப்பங்கள் அதிகமாக இருந்தாலும் இது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கேபிளை இழுக்கும்போது கூடவே இன்னொரு கயிற்றையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டு வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குக் கேபிள் மாற்ற வேண்டி வந்தால் அது உதவும்.

எதுவும் சரிவரவில்லையா? சுவரின் மேல் கேபிளை ஓட விடுங்கள். மெல்லிய வெள்ளைக் கேபிளைக் கூரையோரமாக ஒட்டினால் இரண்டு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். எல்போவுக்குள் மடங்கிய கேபிளைவிட அது எவ்வளவோ மேல்.

பெட்டியின் இடத்தை அன்றைக்கு முடிவு செய்வது

வருகிறவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு இருக்கும். "எங்கே வைக்கட்டும்?" என்று கேட்பார். நீங்கள் யோசித்தால், கேபிள் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வாசலை ஒட்டி வைத்துவிட்டுப் போவார். அப்புறம் கடைசி அறையில் வைஃபை எட்டவில்லை என்ற புகார் வரும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அளவுக்குச் சுவரைத் தாண்டாது.

பலருக்கும் தெரியாதது இது: ஒளியை வாங்கும் ஓஎன்டி பெட்டியும் வைஃபை தரும் ரவுட்டரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓஎன்டி வாசல் பக்கம் இருக்கட்டும். அங்கிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு கேட்-6 என்ற செம்புக் கம்பி நெட்வொர்க் கேபிள் ஒன்றை இழுத்து ரவுட்டரை அங்கே வையுங்கள். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் ஒரு கிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும், எந்த வீட்டுக்கும் அது போதும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளும் அதே நிறத்தில், அதே எழுத்தோடு கிடைக்கிறது. சுவருக்குள் போகும் கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ரவுட்டரை இரும்புப் பெட்டிக்குள்ளும் பீரோவுக்குப் பின்னாலும் மறைக்க வேண்டாம். பெரிய கண்ணாடியும் மீன் தொட்டியும்கூட அலையைத் தடுக்கும். அழகுக்காக மின்பலகைப் பெட்டிக்குள் ரவுட்டரை வைத்து மூடிய வீட்டுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் கதவைத் திறந்து வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

பக்கத்தில் பிளக் இல்லாதது

ஓஎன்டிக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று. இரண்டு பிளக் வேண்டும். நீட்டிப்புப் பலகையில் தொங்க விட்டால் யாராவது ஒரு நாள் பிடுங்கிவிடுவார்கள்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யோசிக்காதது

பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டுவராது. வீட்டில் மின்சாரம் நின்றால் இணையமும் அதோடு வரும் தொலைபேசியும் நின்றுவிடும். வீட்டில் வயதானவர்களோ நோயாளிகளோ இருந்தால் இதை முதல் நாளே யோசியுங்கள். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும், அதற்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். ஓஎன்டிக்கு மட்டும் போட்டுவிட்டு ரவுட்டரை மறந்துவிடாதீர்கள்.

துளையை நேராகப் போட விடுவது

வெளிச்சுவரில் துளை, உள்ளிருந்து வெளியே கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். கேபிளும் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறி உள்ளே நுழைய வேண்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். வேலை முடிந்ததும் துளையை அடைக்கச் சொல்லுங்கள், எறும்புக்கும் அதே வழிதான்.

பச்சையையும் நீலத்தையும் சேர்ப்பது

சேர்க்காதீர்கள். ஃபைபர் கேபிளின் முனைகள் பச்சை, நீலம் என்று இரண்டு நிறத்தில் வரும். பச்சை முனை 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலம் அப்படியல்ல. ஒன்றோடொன்று பொருந்துவது போலத் தெரியும், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும்.

முனையைத் தொட்டுப் பார்ப்பது

விரலால் தொட்டால் எண்ணெய் ஒட்டும். கண்ணால் உற்றுப் பார்க்கவே கூடாது: அந்த ஒளி அகச்சிவப்பு, தெரியாது, ஆனால் இருக்கும்.

பழைய இணைப்பை முன்பே துண்டிப்பது

புதியது ஒரு வாரம் ஓடட்டும்.

அனுமதியை வாய்மொழியாக வாங்குவது

வாடகை வீடோ அடுக்ககமோ, சுவரில் துளை போடுவதற்கு எழுத்தில் வாங்குங்கள்.

எண்ணைக் கேட்காமல் ஆளை அனுப்பிவிடுவது

வேலை முடிந்ததும் கைபேசியில் வேகச் சோதனை செய்து காட்டுவார்கள். அது வைஃபையின் வேகம், இணைப்பின் வேகம் அல்ல. மடிக்கணினியை ரவுட்டரில் நேரடியாகக் கேபிளால் சொருகிச் சோதிக்கச் சொல்லுங்கள். எந்தத் திட்டம் எடுத்தாலும் 94 மெகாபிட்டுக்கு மேல் போகாமல் நின்றால், எங்கோ ஒரு கேபிளில் நாலு ஒயர் மட்டும் சேர்ந்திருக்கிறது, அல்லது மடிக்கணினியின் துளை 100 மெகாபிட் வகை. கேபிளின் முனையைப் புதிதாகப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்ததாக, ஓஎன்டிக்கு வந்து சேரும் ஒளி எவ்வளவு என்று கேளுங்கள். மீட்டரில் பார்த்துச் சொல்வார், பல ஓஎன்டிகளின் அமைப்புப் பக்கத்திலும் அது தெரியும். −15 முதல் −24 வரை இருந்தால் நிம்மதி. −26 என்றால் அவரை அப்படியே போக விடாதீர்கள். வாசலில் எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று இரண்டு இடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் ஒரு டெசிபெல்லைத் தாண்டினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. ஏதோ ஒரு மூலையில் கேபிள் மடங்கியிருக்கும், அல்லது மீதிக் கேபிளை உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருட்டி இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சுருளைத் தட்டளவுக்குத் தளர்த்திவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக வந்த எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஓஎன்டியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். என் பெட்டியில் "−19.5" என்று ஒட்டியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து இணைப்பு அறுபடத் தொடங்கி, மீட்டர் −25 காட்டினால், "ரவுட்டரை மாற்ற வேண்டாம், கேபிளைப் பாருங்கள்" என்று வாசலிலேயே சொல்லிவிடலாம்.