மலையில் நின்று கடலுக்காகப் பேசும்போது செய்யும் தவறுகள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட ஊர்களான மஸ்கெலியாவிலோ நோர்வூட்டிலோ கடலைப் பற்றிப் பேச்செடுத்தால், "கடல் எங்கே, நாங்கள் எங்கே?" என்பார்கள். ஆனால் நம் பக்கத்து ஆறுகளான மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீர் தந்துவிட்டு அது கடலில் விழும் பகுதிக்குப் பெயரே முகத்துவாரம். ஆகவே பேச நமக்கு உரிமை உண்டு. பேசும் விதத்தில்தான் கோளாறு.

முதலாவது, மிகைப்படுத்துவது. "நாம் வீசும் பொலித்தீன் எல்லாம் கடலுக்குத்தான் போகிறது" என்று நானே ஒரு கூட்டத்தில் முழங்கியிருக்கிறேன். மின்நிலையத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, காசல்ரீயிலும் மவுசாகலையிலும் அணை இருக்கே, மிதக்கிறது அங்கேயே நிற்காதா?" கூட்டம் சிரித்தது, என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது நியாயம்தான். மிதக்கும் குப்பையில் நிறைய அணையில் தேங்கும். ஆனால் தண்ணீரில் கரைந்து வரும் உரத்தை அணை அவ்வளவாக மறிக்காது. கரையொதுங்கும் எல்லாம் நம்முடையதும் அல்ல. 2021இல் மேற்குக் கரையில் குவிந்த பிளாஸ்டிக் மணிகள் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து வந்தவை.

அடுத்தது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் "கானில் குப்பை போடாதீர்கள்" என்று நோட்டீஸ் கொடுப்பது. கானை எட்டிப் பாருங்கள்: சவர்க்கார உறை, பிஸ்கட் பை, குழந்தையின் பம்பர்ஸ். குப்பை வண்டி மெயின் ரோட்டோடு திரும்பிவிடும் தோட்டத்தில் அவர்கள் வேறு எங்கே போடுவார்கள்? கேட்க வேண்டிய இடம் பிரதேச சபை. அங்கே "தோட்டத்துக்குள் எங்களால் வர முடியாது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் பெருந்தவறு. தோட்டங்களுக்குள் சபை பணம் செலவழிப்பதற்குச் சட்டத்தில் இருந்த தடை 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. அதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மனுவில் "ஆறு மாசடைகிறது" என்று மட்டும் எழுதினால் அது கோப்போடு தூங்கும். பாலத்துக்கு மேலே, கோயில் பக்கத்துக் கான் வந்து விழும் இடம், இன்ன நாள் காலை 6 மணி, வெள்ளை நுரை என்று எழுதி, பாலமும் தெரியும்படி படம் இணையுங்கள். சிங்களத்திலும் ஒரு பிரதி வைத்தால் மேசைக்கு மேசை அலையாது.

ஆற்றை மறித்து எடுக்கும் நீர்மின்சாரம் சுத்தமானது, அதில் கேள்வி கேட்கக்கூடாது என்பதும் தவறு. 2012இல் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்தில் தலவாக்கலைப் பக்கத்துச் சென் கிளேயர் அருவிக்குப் பகலில் தண்ணீர் விடும் நிபந்தனை வந்தது, எதிர்ப்புகள் எழுந்த பிறகுதான்.

அப்புறம் விறகு. இது கடலோடு நேரே சேராது, ஆனால் லயத்தில் நோட்டீஸ் கொடுப்பது போன்ற அதே தவறுதான். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு விறகுக்கட்டோடு ஏறிவரும் அக்காவை மறித்து "புகை கெடுதல்" என்று பாடம் எடுக்காதீர்கள். எங்கள் குழுத் தம்பி ஒருவன் எடுத்தான். அக்கா கட்டை இறக்கவேயில்லை. "சரி தம்பி, காஸ் சிலிண்டரை நீங்களே வாங்கி இந்தப் படியில தூக்கிட்டு வருவீங்களா?"