தண்டர்பேர்டில் முகவரிகளைக் காணோமா?

சீசனுக்கு முன் பழைய விருந்தினர்களுக்கு ஒரு மெயில் தட்டிவிடலாம் என்று தண்டர்பேர்ட் மெயில் மென்பொருளைத் திறந்தால் முகவரிப் புத்தகம் காலி! குன்னூரில் விடுதி நடத்தும் அக்கா ஒருவர் இதற்காகத்தான் பதறிப்போய் அழைத்தார். பெரும்பாலும் முகவரிகள் எங்கும் போயிருக்காது.

முதலில் இடப்பக்கம் ‘ஆல் அட்ரஸ் புக்ஸ்’ என்பதைத் தட்டிப் பாருங்கள். நாம் மெயில் அனுப்பும் புது ஆட்களின் முகவரி தானாகப் போய்ச் சேருவது ‘கலெக்டட் அட்ரஸஸ்’ பட்டியலில். ‘பர்சனல்’ பட்டியலில் எவ்வளவு துழாவினாலும் கிடைக்காது. அக்கா தேடியவர்கள் எல்லாம் ‘கலெக்டட் அட்ரஸஸ்’ பட்டியலில்தான் இருந்தார்கள்.

மெயில்களையும் சேர்த்தே காணோம், அக்கவுன்ட் விவரத்தைப் புதிதாகக் கேட்கிறது என்றால் அது வேறு கதை. புதிய புரொஃபைலில் (நம் மெயில், முகவரி, அமைப்புகளை எல்லாம் வைத்திருக்கும் தொகுப்பு) திறந்திருக்கும். ஹெல்ப் மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ போய், அங்கே ‘அபவுட்:புரொஃபைல்ஸ்’ இணைப்பைத் தட்டி, பழைய புரொஃபைலைத் திறந்து பாருங்கள்.

அதுவும் இல்லையா? புரொஃபைல் ஃபோல்டரில், ‘பர்சனல்’ பட்டியல் இருப்பது ‘ஏபுக்.எஸ்கியூலைட்’ (abook.sqlite) கோப்பில், ‘கலெக்டட் அட்ரஸஸ்’ இருப்பது ‘ஹிஸ்டரி.எஸ்கியூலைட்’ (history.sqlite) கோப்பில். மழைக்காலத்தில் மலையில் கரன்ட் பட்டென்று போகும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு அப்போது கெட்டுப்போகலாம். பேக்கப் இருந்தால், தண்டர்பேர்டை முழுதாக மூடி, இப்போதைய கோப்புக்கு வேறு பெயர் வைத்துவிட்டு (அழிக்க வேண்டாம்), பழையதை அங்கே போடுங்கள்.

அப்புறம், மாதம் ஒருமுறை முகவரிப் புத்தகத்தை சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கக்கூடிய பட்டியல்) எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் போட்டு வையுங்கள்.